சாம்பல் நிறப் பொத்தான் சொல்லும் செய்தி

நிலப்படம் வரையும் மென்பொருளில் ஒரு கருவி மங்கிச் சாம்பல் நிறமாக நின்றுவிட்டால் அது கெட்டுப்போய்விட்டது என்று கொள்வது நம் புவியியல் மாணவரிடையே வேரூன்றிவிட்ட ஒரு நம்பிக்கை. "சார், டூல் வேலை செய்யலை" என்ற குரல் எழாத செய்முறை வகுப்பு இல்லை. அக்குரலைத் தொடர்ந்து நடப்பவையும் ஏறக்குறைய ஒன்றேதான். மாணவர் அப்பொத்தானை நாலைந்து முறை அழுத்திப் பார்ப்பார். பக்கத்து இருக்கைக்காரர் வந்து தாமும் அழுத்திப் பார்ப்பார். பின்னர் மென்பொருளை மூடித் திறப்பார்கள். அதுவும் பலிக்காவிட்டால் கணிப்பொறியையே அணைத்துப் போடுவார்கள். அதற்குள் ஒரு மணி நேரம் உழைத்து வரைந்த ஏரியும் வாய்க்காலும் சேமிக்கப்படாமல் போயிருக்கும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று இதைக் கேலி பேசுவோரும் உண்டு. அக்கேலி எனக்கு உடன்பாடன்று. கூடம் கோணலா இல்லையா என்பதை எப்படிப் பார்ப்பது என்று நாம் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

கருவி மங்கியிருப்பது பழுதின் அடையாளம் அன்று. இக்கருவிக்கு வேண்டிய நிபந்தனை ஒன்று இன்னும் நிறைவேறவில்லை என்னும் அறிவிப்பே அது. இவ்வழக்கத்தை உலகெங்கும் பரப்பியவற்றுள் 1984-இல் வெளிவந்த ஆப்பிள் நிறுவனத்தின் மெக்கின்டாஷ் கணிப்பொறி முக்கியமானது. பயன்படுத்த இயலாத கட்டளையைப் பட்டியலிலிருந்து அடியோடு நீக்கிவிடாமல், அதே இடத்தில் மங்கலாக வைத்திருந்தால், "இப்படி ஒன்று இருக்கிறது, ஆனால் இப்போதைக்கு இல்லை" என்பது பார்ப்பவருக்குப் புரியும் என்பது அதன் உட்பொருள். நல்ல எண்ணந்தான். ஆனால் "இப்போதைக்கு இல்லை" என்று சொல்லும் பொத்தான், "ஏன் இல்லை" என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. அந்த "ஏன்" தான் நம் வகுப்பறையில் கற்பிக்கப்படாமல் கிடக்கிறது.

நிலஅளவை செய்முறையை நினைத்துப் பாருங்கள். பிளேன் டேபிளை எடுத்துக்கொண்டு மைதானத்திற்குப் போகிறோம். முக்காலியை ஊன்றி, ஸ்பிரிட் லெவலைக் கொண்டு பலகையைச் சமப்படுத்தி, தரையில் உள்ள புள்ளியும் தாளில் உள்ள புள்ளியும் ஒரே நேர்க்குத்தில் வருமாறு குண்டு கட்டிப் பார்த்து, ட்ரஃப் காம்பஸால் வடதிசை குறித்த பிறகே ஆலிடேடில் கண் வைக்கிறோம். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் ஆலிடேட் பயன்படாது. ஆனால் எந்த மாணவரும் "ஆலிடேட் வேலை செய்யலை" என்று சொல்வதில்லை. பலகை சாய்ந்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது, குமிழி நடுவில் நிற்கவில்லை என்பதும் தெரிகிறது. 1802-இல் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே லாம்டன் தம் அடிக்கோட்டை அளந்தபோது, எஃகுச் சங்கிலி வெயிலில் நீளும் என்பதறிந்து வெப்பமானியையும் உடன் வைத்துப் படித்தார். கருவி எந்நிலையில் இருக்கிறது என்று அறிவது அளவையாளரின் தொழிலில் ஒரு பாதி. அந்தப் பாதியை, கணிப்பொறி அறைக்குள் நுழையும்போது நாம் வாசலிலேயே செருப்போடு விட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

சரி, க்யூ.ஜி.ஐ.எஸ். மென்பொருளையே எடுத்துக்கொள்வோம். இது கேரி ஷெர்மன் என்பவரால் 2002-இல் தொடங்கப்பட்டது. இன்று உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களால் வளர்க்கப்படுவது. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, உரிமச் சாவியும் கிடையாது. ஆகவே, "உரிமம் இல்லாததால் கருவி முடங்கிவிட்டது" என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. அப்படியிருந்தும் அதில் பொத்தான்கள் மங்குகின்றன. ஏன்?

பெரும்பாலான நேரங்களில் காரணம் மிக எளியது: தவறான அடுக்கு தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும். ஸ்கேன் செய்த டோப்போஷீட்டை அடியில் விரித்து, அதன்மேல் சாலைகளை வரைந்துகொண்டிருக்கும் மாணவர், டோப்போஷீட்டைச் சற்றே மங்கலாக்கலாம் என்று அடுக்குப் பட்டியலில் அதன் பெயரைத் தொடுகிறார். அந்த நொடியே பென்சில் படம் போட்ட பொத்தானும், வரைகருவிகள் யாவும் மங்கிவிடுகின்றன. மென்பொருளைப் பொறுத்தவரை அவர் இப்போது கையில் வைத்திருப்பது ஒரு புகைப்படம். புகைப்படத்தில் சாலைக்கோடு சேர்க்க முடியாதல்லவா? சாலை அடுக்கின் பெயரை மறுபடி ஒரு முறை தொட்டால் எல்லாம் உயிர்பெற்றுவிடும். இந்த ஒரு சிறு செய்தியை அறியாமல் வீணான செய்முறை மணிகளைக் கூட்டினால் ஒரு பருவத்துப் பாடமே நடத்திவிடலாம் என்று தோன்றுகிறது.

அடுத்தது, பென்சில் பொத்தானையே அழுத்தாமல் வரையப் புறப்படுவது. நோட்டுப் புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு அட்டையின் மேல் எழுதுவதைப் போன்றது இது. அடுக்கைத் திருத்தும் நிலைக்குக் கொண்டுவந்தால்தான் புள்ளி வைக்கும் கருவியும், முனை நகர்த்தும் கருவியும் விழிக்கும். திருத்தும் நிலைக்கு வந்த பிறகும் சேமிக்கும் பொத்தான் மங்கியே இருப்பது கண்டு அஞ்சுவோர் உண்டு. அதற்கு அஞ்ச வேண்டியதேயில்லை. சேமிக்க இன்னும் எதுவும் இல்லை என்பதே அதன் பொருள். ஒரு புள்ளி வைத்தவுடன் அது தானே ஒளிர்ந்துவிடும்.

பென்சிலே மங்கிக் கிடந்தால்? இங்குதான் கொஞ்சம் யோசனை வேண்டும். தரவு எங்கிருந்து வந்தது, எந்த வடிவில் வந்தது என்று பின்னோக்கிச் செல்ல வேண்டும். கிணறுகளின் அட்சரேகை, தீர்க்கரேகைகளை அட்டவணையாகத் தட்டச்சு செய்து, சி.எஸ்.வி. கோப்பாக்கி, டிலிமிட்டெட் டெக்ஸ்ட் வழியாகச் சேர்த்தால் புள்ளிகள் அழகாக விழும். ஆனால் அவற்றைத் திருத்த முடியாது. மென்பொருள் அந்தக் கோப்பைப் படிக்க மட்டுமே செய்கிறது. அதை வேறொரு வடிவில் ஏற்றுமதி செய்து, அந்தப் புதிய அடுக்கைத் திருத்த வேண்டும். குறுந்தகட்டிலிருந்து நகலெடுத்த கோப்புகளில் "படிக்க மட்டும்" என்ற முத்திரை விண்டோஸில் ஒட்டிக்கொண்டே வந்துவிடுவதுண்டு. கோப்பின் பண்புகளைத் திறந்து அந்த முத்திரையை எடுத்தால் பென்சில் பிழைத்துவிடும். இணையத்திலிருந்து படமாக வந்து விழும் அடுக்குகளைத் திருத்த முடியாதது இயல்பே. அவை வேறொருவர் வீட்டுச் சுவரில் மாட்டிய படங்கள். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் உள்ள அட்டவணைக்கு முதன்மைச் சாவி இல்லையென்றாலும் இதே கதைதான். எந்த வரிசையைத் திருத்துவது என்று மென்பொருளுக்குத் திட்டவட்டமாகத் தெரியாதபோது, அது கைகட்டி நின்றுவிடுகிறது. இதுவும் முறைதானே!

ஷேப்ஃபைல் பற்றி இங்கு ஒரு சொல். 1990-களின் தொடக்கத்தில் பிறந்த இவ்வடிவத்தின் விளக்கத்தை எஸ்ரி நிறுவனம் 1998-இல் வெளியிட்டது. அன்றுமுதல் நம் கல்லூரிகளின் பென்டிரைவ்களில் அது குடிகொண்டுவிட்டது. பெயர்தான் ஒருமை, உண்மையில் அது மூன்று கோப்புகளின் கூட்டு. உருவம் ஒன்றில், அதன் வரிசைக் குறிப்பு ஒன்றில், ஊர்ப்பெயரும் மக்கள்தொகையுமான விவரங்கள் ஒன்றில். மாணவர் .எஸ்.ஹெச்.பி. என்று முடிவதை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால், மாப்பிள்ளையை விட்டுவிட்டுச் சட்டையை மட்டும் ஊர்வலம் விட்ட கதைதான். அதில் புலப்பெயர்கள் பத்து எழுத்தைத் தாண்டக்கூடாது என்ற கட்டுப்பாடு வேறு. 2014-இல் தரப்படுத்தப்பட்ட ஜியோபேக்கேஜ் வடிவம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் அடக்கிவிடுகிறது, க்யூ.ஜி.ஐ.எஸ்.-உம் ஏற்றுமதிக்கு அதையே முதலில் நீட்டுகிறது. நாம்தான் இன்னும் பழைய பழக்கத்தை விடாமல் இருக்கிறோம்.

திருத்தும் நிலையிலும் சில கருவிகள் ஆள் பார்த்தே பழகும். பலகோணத்தில் ஓட்டை போடும் கருவி, கிணறுகளைக் காட்டும் புள்ளி அடுக்கில் எழாது. ஏரியின் நடுவே மண்திட்டு இருந்தால் ஓட்டை போடலாம். புள்ளிக்குள் எதைப் போடுவது? இரு நிலத்துண்டுகளை ஒன்றாக்கும் கருவியோ எதையும் தேர்ந்தெடுக்காதவரை மங்கியே கிடக்கும். ஒரு துண்டை மட்டும் தேர்ந்தெடுத்து அழுத்தினால், இரண்டாவது எங்கே என்று வாய்விட்டே கேட்டுவிடும். இக்கருவியின் இவ்விரண்டு நிலைகளையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். முதல் நிலையில் அது ஊமை. இரண்டாம் நிலையில் அது ஆசிரியர். எல்லாப் பொத்தான்களும் இரண்டாம் நிலையில் இருந்தால் எவ்வளவு நலமாக இருக்கும்!

இப்படி நினைத்தவன் நான் மட்டுமல்லன். ஜோயல் ஸ்போல்ஸ்கி என்னும் அமெரிக்க மென்பொருள் எழுத்தாளர் 2008-லேயே, கட்டளைகளை மங்க வைக்காதீர்கள், அழுத்த விடுங்கள், அழுத்தினால் ஏன் முடியாது என்ற காரணத்தைச் சொல்லுங்கள் என்று எழுதினார். அவர் கருத்தில் பாதியை நான் ஏற்கிறேன். காரணம் சொல்ல வேண்டும் என்பது சரி. ஆனால் மங்கலே கூடாது என்பது மிகை. நூறு பொத்தான்கள் உள்ள பலகையில் எவை இப்போது எட்டும் என்று ஒரே பார்வையில் தெரிவது சிறு உதவியன்று. மங்கட்டும், ஆனால் சுட்டியை அதன்மேல் கொண்டுபோனால் காரணத்தை ஒரு வரியில் சொல்லட்டும். எஸ்ரியின் ஆர்க்ஜி.ஐ.எஸ். ப்ரோவில் சில பொத்தான்கள் இப்படியே செய்கின்றன. விலை கொடுத்து வாங்கும் மென்பொருளில் உள்ள இந்த நல்ல பழக்கம் விலையில்லா மென்பொருளுக்கும் முழுமையாக வந்து சேர வேண்டும்.

விலை என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. ஆர்க்மேப் மென்பொருளில் கருவி மங்குவதற்கு நாம் மேலே கண்டவற்றோடு வேறொரு வகைக் காரணமும் உண்டு. அதன் ஸ்பேஷியல் அனலிஸ்ட் போன்ற துணைப்பகுதிகளுக்கு இரட்டைப் பூட்டு. ஒன்று, அதற்குரிய உரிமம் தனியே வாங்கியிருக்க வேண்டும். மற்றொன்று, உரிமம் இருந்தாலும், எக்ஸ்டென்ஷன்ஸ் என்ற பெட்டியைத் திறந்து அதன் எதிரே ஒரு டிக் போட வேண்டும். இரண்டாவது பூட்டு ஒரு நொடியில் திறப்பது. முதலாவது, துறைக்கு ஒதுக்கப்படும் பணத்தைப் பொறுத்தது. மாணவருக்கு இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகத்தான் தெரியும். தம் கையால் தீர்வது எது, நிதி ஒதுக்கீட்டால் மட்டுமே தீர்வது எது என்று பிரித்தறிய முடியாமல் அவர் தம்மையே நொந்துகொள்கிறார். போதாக்குறைக்கு, ஆர்க்மேப்புக்கான ஆதரவு 2026 மார்ச் 1 வரைதான் என்று அந்நிறுவனமே நாள் குறித்துவிட்டது. அதன் திரைகளைப் படமெடுத்துப் போட்ட பழைய கையேடுகளை வைத்துக்கொண்டு இனியும் பாடம் நடத்துவதில் பொருளில்லை.

"வேலைக்குப் போகுமிடத்தில் ஆர்க்ஜி.ஐ.எஸ்.தானே கேட்பார்கள்?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. கேட்கட்டும். அடுக்கு, தேர்வு, திருத்தும் நிலை, தரவின் வடிவம், எழுதும் உரிமை ஆகிய இவ்வைந்தையும் வரிசையாகச் சோதிக்கும் பழக்கம் ஒரு மென்பொருளுக்குச் சொந்தமானதன்று. பொத்தானின் இடத்தை மனப்பாடம் செய்தவர் மென்பொருள் மாறினால் தடுமாறுவார். நிபந்தனையைக் கற்றவர் தடுமாற மாட்டார். மேலும், க்யூ.ஜி.ஐ.எஸ்.-ஐ மாணவர் தம் வீட்டுக் கணிப்பொறியிலோ, அண்ணனின் பழைய மடிக்கணினியிலோ முறைப்படி நிறுவிக்கொள்ளலாம். திருட்டு நகலைத் தேடி வைரஸை வரவழைத்துக்கொள்ள வேண்டிய அவலம் இல்லை. அரசு கல்லூரிக்கு இதைவிடப் பொருத்தமானது எது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் இதை வற்புறுத்துவதற்குக் காரணம் வெறும் நேர விரயம் அன்று. நம் கல்லூரிக்கு வரும் மாணவர்களுள் பலர் இங்கு வந்த பிறகே ஒரு கணிப்பொறியைத் தமக்கென்று ஒரு மணி நேரம் பெறுகிறார்கள். அவர்கள் முன் ஒரு பொத்தான் மங்கி நின்றால், "மென்பொருள் கெட்டுவிட்டது" என்பதற்கு முன்பே அவர்கள் மனத்தில் எழுவது, "நான் எதையோ கெடுத்துவிட்டேன்" என்பது. கையை மவுஸிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்துவிடும் மாணவிகளைக் கண்டிருக்கிறேன். கேள்வி கேட்டால் அறியாமை வெளிப்பட்டுவிடுமே என்ற தயக்கம். நகரத்துப் பள்ளியில் படித்து வந்தவர் பத்துப் பொத்தான்களைத் துணிந்து அழுத்திப் பார்த்து ஏதோ ஒன்றில் வழி கண்டுவிடுகிறார். இவர் அழுத்துவதேயில்லை. மதிப்பெண்ணில் இவ்விருவருக்கும் வரும் வேறுபாடு அறிவின் வேறுபாடு அன்று, அச்சத்தின் வேறுபாடு. மங்கிய பொத்தானை எவரும் அழுத்திக் கெடுக்க முடியாது என்ற ஓர் உண்மையை முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டால் அந்த அச்சத்தில் பாதி குறையும்.

உண்மையில், மங்கிய பொத்தானைவிட ஒளிரும் பொத்தானுக்கே அஞ்ச வேண்டும். கிணறுகளைச் சுற்றி 500 மீட்டர் வளையம் போடச் சொன்னோம் என்று வையுங்கள். கிணறுகளின் அடுக்கு பாகை அளவில், அதாவது வெறும் அட்சரேகை, தீர்க்கரேகையில் இருக்கிறது. பஃபர் கருவி மங்குவதில்லை. மாணவர் 500 என்று இட்டு அழுத்துகிறார். பக்கத்தில் "டிகிரி" என்று எழுதியிருப்பதும், மஞ்சள் நிறத்தில் ஓர் எச்சரிக்கைக் குறி நிற்பதும் கண்ணில் படுவதில்லை. ஒரு பாகை என்பது நிலநடுக்கோட்டருகே ஏறத்தாழ 111 கிலோமீட்டர். பூவுலகைச் சுற்றி வந்தாலே 360 பாகைதான். ஆக, ஒவ்வொரு கிணற்றுக்கும் உலகத்தைவிடப் பெரிய வளையம் ஒன்று கிடைக்கிறது! இது கேலிக்கூத்தாக இருப்பதால் உடனே பிடிபட்டுவிடும். 0.005 என்று இட்டிருந்தால் படம் பார்ப்பதற்குச் சரியாகவே தோன்றும். அளவு மட்டும் பிசகியிருக்கும். மீட்டர் அளவுள்ள யு.டி.எம். முறைக்கு அடுக்கை மாற்றிக்கொண்டு வளையம் போட வேண்டும் என்று அங்கே எந்தப் பொத்தானும் தடுத்துச் சொல்வதில்லை. மங்கிய கருவி நம்மைத் தடுத்து நிறுத்துகிறதே தவிர ஏமாற்றுவதில்லை. தடுக்கும்போது காரணம் கேட்டுப் பழகியவரே தடுக்காதபோதும் காரணம் கேட்பார்.

பாடம் முடிக்கவே நேரம் போதவில்லை, இதில் காரணம் தேடும் வேலை வேறா என்பது மற்றொரு மறுப்பு. நியாயமான மறுப்புத்தான். ஆனால் இப்போது செய்முறைத் தேர்வில் நாம் மதிப்பிடுவது எதை? அச்சிட்டு வரும் படத்தை. வடக்குக் குறி இருக்கிறதா, அளவுகோல் இருக்கிறதா, குறிவிளக்கம் வலப்பக்கத்தில் இருக்கிறதா? இவற்றைப் படிப்படியாக மனப்பாடம் செய்து, ரெக்கார்டு நோட்டில் "முதலில் இதை அழுத்துக, பின்னர் அதை அழுத்துக" என்று எழுதி வந்து ஒப்பிக்கலாம். ஒப்பிக்கிறார்கள். வழியில் ஒரு பொத்தான் மங்கினால் ஒப்பித்தல் அங்கேயே அறுந்துவிடுகிறது. தேர்வாளர் இரக்கப்பட்டு வந்து ஒரு தட்டுத் தட்டிக் கொடுத்தால் படம் வருகிறது. அந்தத் தட்டில் அடங்கியிருந்த அறிவுக்கு மாணவரும் மதிப்பெண் பெறவில்லை, நாமும் அதைக் கற்பிக்கவில்லை.

ரெக்கார்டு நோட்டில் ஒவ்வொரு பயிற்சிக்கும் வலப்பக்கத்தில் செய்முறையை எழுதுகிறார்கள். இடப்பக்கம் பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கிறது. அப்பக்கத்தில், அன்று எந்தக் கருவி மங்கியது, எதனால், எப்படி விழித்தது என்று மூன்று வரி எழுதச் சொல்லலாம். செலவில்லை, கூடுதல் வகுப்பும் வேண்டாம். ஆண்டிறுதியில் அவ்விடப்பக்கங்களைத் தொகுத்தால் நம் கல்லூரிக்கே உரிய ஒரு கையேடு கிடைத்துவிடும். தமிழ்த்துறையினர் கைகொடுத்தால் அதை நல்ல தமிழில் சுவரொட்டியாக்கி ஆய்வுக்கூடத்தில் ஒட்டலாம். "பென்சில் மங்கியிருந்தால் முதலில் அடுக்கின் பெயரைப் பார்" என்று கொட்டை எழுத்தில் கதவருகே இருந்தால் போதும்.

செய்முறைத் தேர்விலும் ஒரு வினாவை மாற்றிப் பார்க்கலாம். மூன்று அடுக்குகள் கொண்ட ஒரு கோப்பை மாணவரிடம் கொடுத்துவிட வேண்டும். ஒன்று, டிலிமிட்டெட் டெக்ஸ்ட்டாகச் சேர்த்த மழைமானி நிலையங்கள். இன்னொன்று, "படிக்க மட்டும்" என்ற முத்திரையோடு ஒரு வாய்க்கால் ஷேப்ஃபைல். மூன்றாவது, குறையொன்றுமில்லாத ஏரி அடுக்கு. ஆனால் கோப்பைத் திறக்கும்போது பட்டியலில் தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பது டோப்போஷீட்டாக இருக்கட்டும். மூன்று அடுக்குகளிலும் ஒவ்வோர் உருவைத் திருத்தச் சொல்லி, எது ஏன் முதலில் இயலவில்லை என்று ஒரு தாளில் எழுதச் சொல்ல வேண்டும். இருபது நிமிடம் போதும். படத்துக்குப் பத்து மதிப்பெண் என்றால் இத்தாளுக்கும் பத்து.